செல்லப்பிராணி இறந்தால் விடுப்பு கேட்கலாமா? சட்டமும் துயரமும் அலுவலக நடைமுறையும்

வளர்த்த நாயோ பூனையோ இறந்துபோனதற்காக ஒருவர் விடுப்பு கேட்டார், நிர்வாகம் மறுத்தது என்ற செய்தி அவ்வப்போது வெளியாகிறது. உடனே இரண்டு அணிகள் திரண்டுவிடுகின்றன. ‘நாய்க்கெல்லாம் விடுப்பா?’ என்று ஒரு தரப்பு சிரிக்கிறது. ‘அதுவும் வீட்டில் ஒரு ஆள்தானே’ என்று மறுதரப்பு கொதிக்கிறது. விலங்கின் உயிரும் மனித உயிரும் சமமா என்பதில் போய்த்தான் சண்டை முடிகிறது. விடுப்பு விதிகளைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டிய அவசியமே இல்லை. துக்க விடுப்பு என்பது எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்று பார்த்தாலே குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

எந்த விடுப்பு எதற்கு

பெயர்கள் நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் வகைகள் ஏறக்குறைய இவைதான்:

1. ஆண்டு விடுப்பு. ஓராண்டு வேலை செய்தவருக்குக் குறைந்தது மூன்று வாரம் சம்பளத்துடன் தர வேண்டும் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1970-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் அளவுகோல். காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற வேண்டும்.

2. தற்செயல் விடுப்பு அல்லது சொந்தக் காரண விடுப்பு. எதிர்பாராத தேவைக்கு ஓரிரு நாள்.

3. மருத்துவ விடுப்பு. ஊழியருக்கே உடல்நலமோ மனநலமோ சரியில்லாதபோது.

4. பராமரிப்பு விடுப்பு. குடும்பத்தினர் நோயுற்றால் அவர்களைக் கவனிக்க.

5. துக்க விடுப்பு. உறவினர் இறந்தால்.

செல்லப்பிராணி இறக்கும்போது ஐந்தாவது கதவு பெரும்பாலும் மூடியிருக்கும். முதல் கதவு திறந்திருந்தாலும் அது திட்டமிட்ட பயணங்களுக்கு ஏற்றது. இரவு பதினொரு மணிக்கு உயிர் பிரிந்தால் மறுநாள் காலைக்குப் பயன்படாது. பொருத்தமானது இரண்டாவது. நடைமுறையில் பலர் நுழைவதோ மூன்றாவது கதவு வழியாக: ‘காய்ச்சல்’ என்று ஒரு பொய் சொல்லிவிட்டு. கேலிக்கு அஞ்சித்தான் இந்தப் பொய். பின்னால் சிக்கலைக் கொண்டுவருவதும் இதே பொய்தான். அதைப் பிறகு பார்ப்போம்.

துக்க விடுப்பு அளப்பது உறவை

துக்க விடுப்பு விதி எதை எடுத்துப் பார்த்தாலும் அதில் ஒரு பட்டியல் இருக்கும். 2023 முதல் நடைமுறையில் உள்ள கலிபோர்னியா மாநிலச் சட்டம் ஐந்து நாள் தருகிறது: வாழ்க்கைத்துணை, பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை, மாமனார் மாமியார். அமெரிக்கா முழுமைக்குமான கூட்டரசுச் சட்டத்தில் தனியார் துறையினருக்கு மனிதர் இறந்தாலேகூடத் துக்க விடுப்பு கட்டாயமில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் நெருங்கிய குடும்பத்தினர் அல்லது ஒரே வீட்டில் வசிப்பவர் இறந்தால் இரண்டு நாள் தருகிறது.

பட்டியல் நெருக்கத்தைப் பார்ப்பதில்லை. இருபது ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் இறந்தால் விடுப்பு உண்டு. பள்ளிக்காலம் முதல் கூடவே இருந்த நண்பர் இறந்தால் பெரும்பாலும் கிடையாது. எவ்வளவு வலித்தது என்பதை எந்த நிர்வாகத்தாலும் அளக்க முடியாது. யார் யாருக்கு என்ன உறவு என்பதைச் சான்றிதழ் வைத்துச் சரிபார்க்கலாம். இறுதிச் சடங்கில் யாருக்குப் பொறுப்பு என்பதையும் உறவே முடிவு செய்கிறது. ஆக, இந்த விடுப்பு துயரத்தின் அளவுக்குத் தரப்படுவதில்லை. அதற்கு மாற்றாக எளிதில் எண்ணக்கூடிய ஒன்றை எண்ணுகிறது. செல்லப்பிராணி பட்டியலில் இல்லை என்பதாலேயே அதன் மரணம் அற்பமானது என்று சட்டம் தீர்ப்புச் சொல்லிவிட்டதாக நினைப்பது தவறு. நண்பரையும்தான் அது விட்டுவிட்டது.

நியூசிலாந்துச் சட்டம் இதில் சற்று வித்தியாசமானது. 2003-ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டத்தில் நெருங்கிய உறவினருக்கு மூன்று நாள் உண்டு. பட்டியலில் இல்லாத வேறொருவர் இறந்தாலும், ஊழியர் உண்மையிலேயே இழப்புக்கு ஆளானார் என்று முதலாளி ஏற்றால் ஒரு நாள் உண்டு. ஏற்பதற்கான அளவுகோல்களையும் சட்டமே சொல்கிறது: எவ்வளவு நெருக்கமாக இருந்தார்கள், இறுதிச் சடங்கில் ஊழியருக்குப் பெரும் பொறுப்பு இருக்கிறதா, பண்பாட்டுக் கடமைகள் உண்டா. அதாவது உறவைத் தாண்டி நெருக்கத்தை எடைபோடத் துணிந்த சட்டம் இது. ஆனாலும் ‘வேறொரு நபர்’ என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. பிரிட்டனில் சார்ந்திருப்போருக்கான அவசர விடுப்பைத் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவும் அப்படியே. ஒரே வீட்டில் வசிக்கும் ‘நபர்’ வரை அது வருகிறது. அதே வீட்டில் பதினான்கு ஆண்டு வாழ்ந்த பூனை அதற்குள் வராது.

இத்தாலியில் நடந்தது என்ன

இந்த விவாதம் எழும்போதெல்லாம் ‘இத்தாலியில் கொடுத்துவிட்டார்களே’ என்று யாராவது சொல்வார்கள். 2017-இல் ரோமில் ஒரு பல்கலைக்கழக ஊழியர், நோயுற்ற தன் நாயைக் கவனிக்க எடுத்த இரண்டு நாளைச் சம்பளத்துடன் கூடிய விடுப்பாகப் பெற்றார். அவருக்கு உதவிய விலங்குநல அமைப்பு முன்வைத்த வாதம் சாமர்த்தியமானது. விலங்கைக் கடும் வேதனையில் கைவிடுவது அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. வேறு ஆளில்லாத ஒருவர் நாயைச் சிகிச்சைக்குக் கொண்டுபோகாவிட்டால் சட்டத்தை மீறியவர் ஆவார். எனவே இது ‘முக்கியமான சொந்த அல்லது குடும்பக் காரணம்’ என்ற ஏற்கெனவே உள்ள விடுப்பு வகைக்குள் வரும்.

கவனித்தால், இதில் துக்கம் எங்கும் இல்லை. உயிரோடிருக்கும் விலங்குக்கு ஆற்ற வேண்டிய கடமைதான் அடிப்படை. 2024-இல் நியூயார்க் நகர மன்றத்தில் முன்வைக்கப்பட்ட மசோதாவும் மருத்துவ விடுப்பைச் செல்லப்பிராணியின் பராமரிப்புக்கும் பயன்படுத்த வழி கேட்டதுதான். பராமரிப்புக்கான வாதமும் துக்கத்துக்கான வாதமும் வெவ்வேறு. முன்னதைச் சட்டத்தில் நிறுவுவது எளிது: மருத்துவரின் சீட்டு இருக்கும், தேதி இருக்கும், செய்யாவிட்டால் விளைவு இருக்கும். பின்னதுக்கு நேரடியாக முயன்றவர்களும் உண்டு. விலங்கு இறந்தால் இரண்டு நாள் சம்பளத்துடன் விடுப்பு தர வேண்டும் என்று கொலம்பிய நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது.

சட்டம் தயங்கும் இடத்தில் சில தனியார் நிறுவனங்கள் முந்திக்கொண்டன. அமெரிக்காவில் ட்ருபானியன் நிறுவனம் ஒரு நாளும், கிம்ப்டன் ஹோட்டல் குழுமம் மூன்று நாள் வரையும் தருவதாகப் பத்தாண்டுகளுக்கு முன்பே செய்திகள் வந்தன. மார்ஸ் நிறுவனமும் இதே வரிசையில் பேசப்பட்டது. ட்ருபானியன் விற்பது செல்லப்பிராணிக் காப்பீடு, மார்ஸ் விற்பவற்றில் முக்கியமானது செல்லப்பிராணி உணவு. கருணையும் விளம்பரமும் ஒரே சுற்றறிக்கையில் இடம்பிடிப்பது புதிதல்ல. அதனால் ஊழியருக்குக் கிடைக்கும் நாள் குறைந்துவிடப் போவதுமில்லை.

துயரம் எவ்வளவு உண்மை

மனிதர் தம் பற்றுதலுக்குரியவரைப் பிரியும்போது ஏன் தவிக்கிறார் என்பதை ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1969 முதல் 1980 வரை மூன்று தொகுதிகளாக எழுதினார். பக்கத்தில் இருந்தால் நிம்மதி, பிரிந்தால் தேடல் என்பதே பற்றுதலின் அடையாளம். செல்லப்பிராணியோடு வாழ்ந்தவருக்கு இந்த இரண்டும் நன்கு தெரிந்தவை. 1989-இல் கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர், சமூகம் அங்கீகரிக்காத துயரம் என்ற கருத்தை முன்வைத்தார். வெளிப்படையாக அழ முடியாத, யாரும் ஆறுதல் சொல்ல வராத இழப்புகள் தனி வகையாக வலிக்கின்றன என்பது அதன் சாரம். செல்லப்பிராணியின் மரணம் இதற்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணம்.

உடலும் இதில் பங்கெடுக்கும். கடும் மனவழுத்தத்தால் இதயத்தின் இடது கீழறை திடீரெனத் தளர்ந்து, மாரடைப்பு போன்ற வலியை உண்டாக்கும் ஒரு நிலை 1990-இல் ஜப்பானிய மருத்துவர்களால் விவரிக்கப்பட்டது. 2017-இல் ஒரு புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழில், வளர்ப்பு நாயின் மரணத்துக்குப் பின் இந்த நிலைக்கு ஆளான அறுபது வயதைக் கடந்த டெக்சாஸ் பெண்ணின் விவரம் வெளியானது. அவருக்கு அப்போது வேறு குடும்பக் கவலைகளும் இருந்தன. ஆகவே ‘நாய் இறந்தால் மாரடைப்பு வரும்’ என்று அதைச் சுருக்குவது பிழை. ‘வெறும் மனப்பிரமை’ என்று தள்ளுவதும் பிழைதான்.

மற்ற இழப்புகளில் அதிகம் காணாத ஒன்று இங்கே உண்டு. மரணத்தின் நாளையும் நேரத்தையும் பெரும்பாலும் வளர்த்தவரே முடிவு செய்கிறார். கருணைக்கொலை என்பது நடைமுறையில் இப்படி நடக்கும்: ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து. முன்னங்காலில் ஒரு கையளவு ரோமத்தை மழித்து ஊசிக்குழாய் பொருத்துவார்கள். பல இடங்களில் முதலில் மயக்க மருந்து. பிறகு மிகை அளவில் பெண்டோபார்பிட்டால் என்ற உறக்க மருந்து. சில நொடிகளில் நினைவு போய்விடும், சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண்கள் திறந்தபடியே இருக்கும். இறந்த பிறகும் தசை ஒருமுறை துடிக்கலாம், மூச்சு இழுப்பது போல ஓர் ஓசை வரலாம். நல்ல மருத்துவர் இதை முன்னதாகவே சொல்லிவைப்பார். பத்து நிமிடம் கழித்து உடலைப் புதைப்பதா எரிப்பதா என்று கேட்பார்கள். அதற்கும் பதில் சொல்லிவிட்டு வெளியே வந்தால் கைப்பேசியில் ஒன்பதரை மணிக் கூட்டத்துக்கான நினைவூட்டல் ஒளிரும்.

‘ஒரு வாரம் பொறுத்திருக்கலாமோ, ஒரு வாரம் முன்னதாகவே செய்திருக்க வேண்டுமோ’ என்ற கேள்வி அதன்பின் விடாது. வீடு வேறு அதைக் கிளறிக்கொண்டே இருக்கும். சர்க்கரை நோயுள்ள பூனைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இன்சுலின் போட்டுவந்தவருக்கு, ஊசி போடும் நேரம் வந்ததும் கை தானாகக் குளிர்சாதனப் பெட்டியை நோக்கிப் போகும். மருந்துக் குப்பியில் பாதி இன்னும் மிச்சமிருக்கும்.

துயரம் ஐந்து கட்டமாக வரும் என்ற பிரபலமான கருத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். 1969-இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்லர்-ராஸ் அதை முன்வைத்தது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதன் அடிப்படையில். விடுப்புக் கேள்விக்கு அதைவிடப் பயன்படுவது 1999-இல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த இரட்டைப் போக்கு விளக்கம். துயரப்படுபவர் சிறிது நேரம் இழப்பில் மூழ்குகிறார், சிறிது நேரம் அன்றாட வேலைகளுக்குத் திரும்புகிறார். இப்படி மாறி மாறிப் போவதுதான் ஆரோக்கியம் என்கிறார்கள். இதன்படி வேலையும் ஒரு மருந்து. சிலருக்கு வீட்டில் தனியே உட்காருவதைவிட அலுவலகம் நல்லது. இரண்டு நாள் கட்டாய விடுப்பைவிட ஒரு முழு நாளும் நான்கு அரை நாளும் சிலருக்குப் பொருந்தும்.

மருத்துவ விடுப்பு எடுக்கலாமா

துயரம் நோயல்ல. நீடித்த துயரத்தை ஒரு கோளாறாக உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடும் அமெரிக்க மனநலக் கையேடும் 2022 முதல் ஏற்றிருக்கின்றன. முன்னதில் குறைந்தது ஆறு மாதம், பின்னதில் பெரியவர்களுக்குக் குறைந்தது ஓராண்டு கடந்திருக்க வேண்டும். இரண்டுமே மனிதரின் மரணத்தை வைத்துத்தான் வரையறுக்கின்றன. எனவே நாய் இறந்த மறுநாள் அந்தப் பெயரில் சான்றிதழ் கேட்க வழியில்லை.

ஆனால் மூன்று இரவு தூக்கமில்லை, நெஞ்சு அடைக்கிறது, சாப்பிட முடியவில்லை என்றால் அது மருத்துவரிடம் போக வேண்டிய உடல்நிலைதான். அதற்கு மருத்துவ விடுப்பு எடுப்பது நேர்மையானதே. காரணத்தின் மூலம் எதுவாக இருந்தால் என்ன? இல்லாத காய்ச்சலைச் சொல்வதில்தான் ஆபத்து. பொய்க் காரணம் காட்டி விடுப்பு எடுத்தது தெரியவந்தால் விவகாரம் துக்கத்தை விட்டு ஒழுங்கு நடவடிக்கைக்கு மாறிவிடும். அனுதாபம் காட்டியிருக்கக்கூடிய மேலாளருக்கும் அப்போது வேறு வழி இருக்காது.

நிறுவனத்தின் கணக்கு

செலவிலிருந்து தொடங்கலாம். ஒரு நாயின் ஆயுள் சுமார் பன்னிரண்டு ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். நாற்பது ஆண்டு வேலை செய்பவர், ஒன்றன்பின் ஒன்றாக வளர்த்தால், மூன்று நான்கு முறை இந்த இழப்பைச் சந்திப்பார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் என்றால் மொத்தம் எட்டு நாள். ஆண்டுக்கு 240 வேலைநாள் வீதம் நாற்பது ஆண்டுக்கு 9,600 நாள். அதில் எட்டு நாள் என்பது ஆயிரத்து இருநூறில் ஒன்று. இதனால் நிறுவனம் நொடித்துப்போகும் என்ற வாதம் நிற்காது.

விடுப்பு தராததற்கும் செலவு உண்டு. 1997-இல் வெளியான ஓர் ஆய்வு, தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மதுவுள்ளவருக்குச் சமமாகக் குறைகிறது என்று காட்டியது. இரவெல்லாம் கால்நடை மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தவர் காலையில் பஸ் ஓட்டவோ, கிரேன் இயக்கவோ, நோயாளிக்கு மருந்தளவு கணக்கிடவோ வரக் கூடாது. இது கருணையின் பாற்பட்டதல்ல, பாதுகாப்பு.

இனி எதிர்வாதங்கள். இவற்றைப் புறங்கையால் தள்ள முடியாது:

1. எந்த விலங்கு? நாய், பூனை சரி. முயல், கிளி, ஆமை? தொட்டியில் நீந்தும் முப்பது மீன்கள்? விதியில் இனங்களை எழுதப் புகுந்தால் விலங்கியல் பாடநூலாகிவிடும்.

2. எத்தனை முறை? தெருவிலிருந்து மீட்ட இருபது பூனைகளைப் பராமரிப்பவர் ஆண்டுக்குச் சில மரணங்களைக் காண்பார்.

3. சான்று? மருத்துவமனை ரசீதோ தகனச் சீட்டோ கேட்கலாம். தோட்டத்தில் புதைத்தவரிடம் எதைக் கேட்பது?

4. சமத்துவம். விலங்கு வளர்க்காத சக ஊழியர், தன் நெருங்கிய தோழி இறந்தபோது விடுப்பு மறுக்கப்பட்டவராக இருந்தால், அவருக்கு நிர்வாகம் என்ன பதில் சொல்லும்?

நான்காவதுதான் மற்ற மூன்றையும்விடக் கனமானது. இதில் ஒரு முடிவுக்கும் அதுவே கொண்டுவருகிறது. உறவுப் பட்டியலின் அடியில் ‘செல்லப்பிராணி’ என்று ஒரு வரி சேர்ப்பது தவறான தீர்வு. பட்டியல் நீளும், வெளியே நிற்பவர்களின் மனக்குறையும் நீளும். மாறாக, ஆண்டுக்கு இரண்டு மூன்று நாளைக் காரணம் கேட்காத சொந்த விடுப்பாக, அன்று காலை சொன்னாலும் செல்லுபடியாகும்படி ஒதுக்கிவிட்டால் நாய் இறந்தவரும் தோழியை இழந்தவரும் ஒரே கதவு வழியாகப் போகலாம். யாருடைய அன்பு எவ்வளவு என்று மனிதவளத் துறை எடைபோட வேண்டியதில்லை. எந்த விலங்கு, எத்தனை முறை, என்ன சான்று என்ற முதல் மூன்று கேள்விகளும் எழாமலே போய்விடும். எழுத்தில் இல்லாமல் ‘மேலாளர் பார்த்துக்கொள்வார்’ என்று விடுவது மட்டும் கூடாது. நாய் வளர்க்கும் மேலாளரிடம் வேலை செய்பவருக்கு இரண்டு நாளும், வளர்க்காதவரிடம் வேலை செய்பவருக்கு ஒரு கிண்டலும் கிடைக்கும்.

பார்வையற்றவரின் வழிகாட்டி நாய் இறந்தால் அது வேறு கணக்கு. துயரத்தோடு நடமாட்டமும் பறிபோகிறது. புதிய நாயோடு இணைந்து பயிற்சி பெறவே வாரக்கணக்கில் ஆகும். இதைத் துக்க விடுப்பாகப் பார்ப்பதைவிட மாற்றுத்திறனாளி ஊழியருக்குச் செய்ய வேண்டிய பணியிட வசதியாகப் பார்ப்பதே சரி. காவல்துறை மோப்ப நாயோடு பணியாற்றியவருக்கும் விலங்குக் காப்பக ஊழியருக்கும் இந்த இழப்பு வேலைக்குள்ளேயே நடக்கிறது. அங்கே தேவை விடுப்போடு பணிச்சுழற்சியும்.

கேட்பவருக்கு

பணி விதிகளில் ‘சொந்தக் காரணம்’, ‘அவசரம்’, ‘நிர்வாகத்தின் விருப்புரிமை’ என்று எங்கெல்லாம் வருகிறது என்று முதலில் பாருங்கள். இருப்பதற்குள் பொருத்துவது, இல்லாததைக் கோருவதைவிட விரைவில் பலிக்கும். கடிதம் குட்டியாக இருக்கட்டும்:

‘நான் பன்னிரண்டு ஆண்டுகளாக வளர்த்த நாய் நேற்று இரவு இறந்துவிட்டது. இன்றும் நாளையும் சொந்தக் காரண விடுப்பு தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இன்று முடிய வேண்டிய அறிக்கையைச் சக ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டேன். அவசரமென்றால் மாலை நான்கு மணிக்கு மேல் அழைக்கலாம்.’

என்ன நடந்தது, எத்தனை நாள், வேலை யாரிடம், எப்போது பேசலாம். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம்; மனிதர் இறந்ததற்குச் சமம் என்று வாதாடவும் வேண்டாம். அப்படி வாதாடினால் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை மேலாளரிடம் நீங்களே கொடுக்கிறீர்கள். சம்பளத்துடன் கிடைக்காதென்றால் சம்பளமில்லா விடுப்பு, வீட்டிலிருந்து வேலை, பணிநேர மாற்றம் என்ற வரிசையில் கேட்கலாம்.

மேலாளர் பக்கத்தில் செய்ய வேண்டியது அதிகமில்லை. பதிலை ஒரு மணி நேரத்துக்குள் அனுப்புவது, காரணத்தைக் குழுவில் சொல்லலாமா என்று அவரையே கேட்பது, ‘இன்னொன்று வாங்கிக்கொள்ளலாமே’ என்ற அறிவுரையை விழுங்கிக்கொள்வது.

கடைசியாக, பலருக்குத் தோன்றாத ஒரு வழி. முதுமையாலோ தீராத நோயாலோ நலிந்த விலங்கின் கருணைக்கொலை பெரும்பாலும் ஓரிரு நாள் முன்பே நேரம் குறித்துச் செய்யப்படுவது. அப்படியென்றால் விடுப்பையும் முன்னதாகவே கேட்கலாம். முன்னறிவிப்பு இருப்பதால் ஆண்டு விடுப்பே போதும். அந்த நாளுக்கு மட்டும் கேட்காமல் முந்தைய பிற்பகலையும் சேர்த்துக் கேளுங்கள். மருத்துவரிடம் மாலைக் கடைசி நேரத்தை வாங்கினால் மறுநாள் விடுப்பையும் அதோடு சேர்த்துக் கேட்கலாம்.